தண்ணீர்க் குழி ஓரம் மூன்று கேமரா: ஒரு ஸ்டீபிள்சேஸ் வீடியோ செய்த பதிவு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை கிட்டத்தட்டத் தனி நிறுவனமாகவே இயங்கும். தனி அலுவலகம், தனி பட்ஜெட், தனி இணையதளம். போட்டி அட்டவணை, முடிவுகள், வீரர் பட்டியல், டிக்கெட், வீடியோ எல்லாம் அந்தத் தளத்தில்தான். எங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் வீடியோ பக்கத்தைத் திறந்தால் அமெரிக்கன் ஃபுட்பாலும் கூடைப்பந்தும் வரிசை கட்டி நிற்கும், அவற்றுக்குச் சம்பளம் வாங்கும் வீடியோ குழுவே இருக்கிறது. தடகளத்துக்கு வந்தால் முடிவுகள் ஒரு பிடிஎஃப், இரண்டு புகைப்படம், அவ்வளவுதான். வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பிள்ளைகளுக்கு அது போதவே போதாது. அதனால் இதழியல் மாணவர்களை வைத்துத் தடகள வீடியோக்கள் செய்யத் தொடங்கினோம்.

நான் இங்கே இதழியலில் ஆராய்ச்சி மாணவன், விளையாட்டு வீடியோ ஆய்வக வகுப்புக்குத் துணை ஆசிரியனாகவும் இருக்கிறேன். வேலை செய்தபடியே கற்பது அமெரிக்க இதழியல் கல்வியில் பழைய வழக்கம்தான். 1908-ல் மிசௌரி இதழியல் பள்ளி திறந்த முதல் நாளிலேயே மாணவர்கள் தயாரித்த நாளிதழும் வெளிவந்தது. இன்றைக்கு பிக் டென் நெட்வொர்க் மாதிரியான சேனல்கள் மாணவர்களையே வைத்து நேரலை நடத்துகின்றன. எங்களுடையது அவ்வளவு பெரிய ஏற்பாடு கிடையாது. மூன்று மாணவர்கள், மூன்று கேமரா, ஒரு ரெக்கார்டர். தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் பெண்கள் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தை ஒரு மூன்று நிமிட வீடியோவாக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் விஸ்காம் படிக்கிற, கல்லூரி விளையாட்டுப் போட்டியை எடுக்கப் போகிற சிலர் விவரம் கேட்டார்கள், அதனால் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் விளையாட்டுத் துறையோடு ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் பின்னால் எல்லாமே தகராறு. தளம் அணியுடையது, அணி தன்னைப் பற்றித் தானே வெளியிடும் இடம். அங்கே வேலை செய்யும் இதழியல் மாணவர் செய்தியாளரா விளம்பர ஆளா என்று வகுப்பிலேயே யாராவது ஒவ்வொரு பருவமும் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்டது இதுதான்: தகவல் தவறாக இருந்தால் துறை திருத்தச் சொல்லலாம், எதை வைப்பது எதை வெட்டுவது என்பது எங்கள் கையில், பிடிக்கவில்லை என்றால் அவர்கள் வெளியிடாமல் விடலாம், ஆனால் தாங்களாக வெட்டி மாற்றி வெளியிடக் கூடாது. ஒவ்வொரு வீடியோவிலும் பந்தய முடிவு, அதாவது பெற்ற இடமும் எடுத்த நேரமும், எழுத்தில் வந்தே ஆக வேண்டும். இந்தக் கடைசி வரி எளிதாகத் தெரியும், இதைத்தான் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று நின்றேன். தோற்ற பந்தயத்தின் வீடியோவில் தோற்றது தெரியவில்லை என்றால் அப்புறம் வென்ற பந்தயத்தின் வீடியோவையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு விதியும் வைத்தோம். மாணவர் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர் அதே பருவத்தில் இந்த வகுப்பின் தடகள வேலையில் சேரக் கூடாது. பயிற்சியாளர் நீக்கம், பணப் பிரச்சினை, புகார் எல்லாம் வெளியே வர வேண்டிய இடம் அந்தப் பத்திரிகை. அங்கே கேள்வி கேட்கிறவர் இங்கே அணியின் அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவது இரண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை.

சரி, ஏன் ஸ்டீபிள்சேஸ்? 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அவினாஷ் சாப்ளே 8 நிமிடம் 11.20 விநாடியில் வெள்ளி வென்றபோது நம் ஊரிலும் பலர் இந்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் 2008 பெய்ஜிங்கில்தான் முதன்முதலாக வந்தது, 2016 ரியோவில் நம் லலிதா பாபர் இறுதிச் சுற்றில் ஓடினார். 3,000 மீட்டருக்குள் 28 தடைகள், 7 தண்ணீர்த் தடைகள், மொத்தம் 35 தாண்டல். சுற்றுக்கு ஐந்து தடை, அதில் நான்காவதாக வருவது தண்ணீர்க் குழி. பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 செ.மீ., ஆண்களுக்கு 91.4. குறுகிய தூரத் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சாய்ந்துகொடுக்கும், இதில் சாயாது. கனமான கட்டை, மேல்பக்கம் 12.7 செ.மீ. அகலம், அதன்மேல் கால் வைத்து ஏறிப் போகவும் விதி அனுமதிக்கிறது.

தண்ணீர்க் குழிதான் இதில் பெரிய விஷயம். தடையையும் சேர்த்து 3.66 மீட்டர் நீளம். தடையை ஒட்டிய பக்கம் ஆழம் அதிகம், மைதானத்தைப் பொறுத்து 50 முதல் 70 செ.மீ. வரை இருக்கும், அங்கிருந்து சரிவாக ஏறி ஓடுபாதை மட்டத்துக்கு வந்துவிடும். கட்டையில் கால் வைத்து நன்றாக உந்தினால் தூரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒற்றைக் காலில் இறங்கி அப்படியே ஓடிவிடலாம். உந்தல் குறைந்தால் தடைக்குப் பக்கத்திலேயே ஆழத்தில் விழுந்து, நின்று, நனைந்த ஷூவோடு மேட்டில் ஏறி மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். ஒரு ஓட்டக்காரர் எப்போது தளர்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பது ஒரே இடத்தில் ஏழு முறை கண்ணுக்குத் தெரிகிற ஓட்டம் தடகளத்தில் இது ஒன்றுதான். வீடியோக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் அணியில் மூன்றாம் ஆண்டு உயிரியல் மாணவி ஒருவர் ஓடுகிறார், அவரைப் பின்தொடர்வது என்று முடிவாயிற்று.

பயிற்சி நாளில் போய் இடம் பார்த்தோம். அன்றைக்குக் குழியில் தண்ணீர் நிரப்பியிருக்கவில்லை, அதனால் ஒலி சோதிக்க முடியவில்லை, மற்றதெல்லாம் பார்க்க முடிந்தது. தடைக்கு முன்னால் பயிற்சியாளர் சாக்பீஸில் ஒரு கோடு போட்டிருந்தார், அந்தக் கோட்டில் எந்தக் கால் விழுகிறதோ அதற்கு அடுத்த காலால் கட்டை ஏற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டியில் கோடு இருக்காது. அதை ஓட்டக்காரரே கண்ணால் கணக்குப் போட வேண்டும். இந்த ஒரு தகவல் கிடைத்ததும் எங்கே கேமரா வைப்பது என்பது தானாகத் தெளிவாகிவிட்டது.

முதல் கேமரா பக்கவாட்டில், குழிக்கு நேர் எதிரே, ஓடுபாதைக்கு வெளியே வேலியை ஒட்டி, கனமான ட்ரைபாடில். ஃப்ரேமுக்குள் தடைக்கு முந்தைய சில அடிகளும் முழுக் குழியும் அடங்க வேண்டும். பந்தயம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அதை ஆட்டவே கூடாது, ஜூம் தொடக் கூடாது, ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாவற்றையும் மேனுவலில் பூட்டிவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு முதலில் இது தண்டனையாகத் தெரிந்தது, மற்ற இருவரும் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க அவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமே. ஆனால் ஏழு சுற்றும் ஒரே ஃப்ரேமில் இருந்தால் மட்டும்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும், முழு வீடியோவும் அந்த அசையாத கேமராவை நம்பித்தான் நின்றது.

இரண்டாவது கேமரா எதிர்முகமாக, குழியைத் தாண்டி வளைவுக்கு வெளியே, தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸோடு, மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியில். ஓடி வருகிற முகம், கட்டையைத் தேடும் கண், அதெல்லாம் இதில். மூன்றாவது நேர்ப்பாதையில், பயிற்சியாளரையும் ஃபினிஷையும் பார்க்க. மைதானத்தின் நடுப்பகுதிக்குள் போக அனுமதி கேட்கவே இல்லை. உள்ளே அதே நேரத்தில் ஈட்டி எறிதல் நடக்கும். பெண்கள் ஈட்டி 600 கிராம், ஆண்கள் ஈட்டி 800 கிராம். வ்யூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு ஈட்டி வருவது தெரியாது, பக்கத்தில் ஒரு ஆள் காவல் நின்றாலும் நான் மாணவர்களை அங்கே அனுப்ப மாட்டேன்.

வெளிச்சம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊருக்கும் இங்கேயும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே நீண்ட தூர ஓட்டங்களைக் குளிர்ச்சிக்காக மாலையில், பெரும்பாலும் விளக்கு போட்ட பிறகுதான் வைப்பார்கள். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் பழைய வகை ஸ்டேடிய விளக்கு விநாடிக்கு 120 முறை மங்கி எரியும். ஷட்டர் 1/60 அல்லது 1/120 விநாடி வைத்தால் தெரியாது, அதைத் தாண்டி 1/500 என்று போனால் படத்தில் கோடு கோடாக ஓடும். இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், அங்கே 1/50 அல்லது 1/100. இணையத்தில் அமெரிக்கர் ஒருவர் சொல்லித்தரும் அமைப்பை அப்படியே நேரு ஸ்டேடியத்தில் வைத்துவிட்டு விளக்கைக் குறை சொல்லாதீர்கள். நாங்கள் மூன்று கேமராவிலும் விநாடிக்கு 60 ஃப்ரேம், ஷட்டர் 1/120 வைத்தோம். 60 ஃப்ரேமில் எடுத்ததை 30-ல் ஓட்டினால் பாதி வேகம் கிடைக்கும், தண்ணீர் தெறிப்பதற்கு அது தாராளம். எதிர்முகக் கேமராவில் மட்டும் விநாடிக்கு 120 ஃப்ரேம் முயன்று பார்க்க ஒரு மாணவர் ஆசைப்பட்டார், அதைப் பகல் வெளிச்சத்தில் ஆண்கள் தகுதி ஓட்டத்தில் எடுக்கச் சொன்னேன், கொஞ்சம் அதிலிருந்தும் பயன்பட்டது.

ஒலிதான் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது, பலனும் அதிகம் தந்தது. விளையாட்டு வீடியோவில் நாம் படத்தைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் தண்ணீர்த் தடையைத் தாண்டுகிற கஷ்டம் படத்தில் பாதிகூடத் தெரிவதில்லை. கட்டைமேல் ஸ்பைக்ஸ் (ஷூவின் அடியில் இருக்கும் ஆணிகள்) பதியும் டக் என்ற சத்தம், அடுத்த நொடி தண்ணீர், அப்புறம் ஈர ஷூ ஓடுபாதையில் படும் சதக் சதக். இது மூன்றும் கேட்டால்தான் பார்க்கிறவருக்கு அந்த எடை புரியும். பக்கவாட்டுக் கேமராமேல் வைத்த, நேர் எதிரே வரும் சத்தத்தைப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கில் இது எதுவும் வரவில்லை. எட்டு ஓடுபாதை அகலத்துக்கு அப்பால் இருந்து அது பிடித்தது காற்றையும் ஒலிபெருக்கி அறிவிப்பையும்தான். இங்கே ஏப்ரல் மாதக் காற்று சாதாரணமானதல்ல, புல்வெளிச் சமவெளி, தடுப்பு எதுவும் கிடையாது.

தலைமை நடுவரிடம் முன்கூட்டியே கேட்டு, குழிக்குப் பக்கத்தில் ஓட்டக்காரர் யாரும் வராத ஓரத்தில், சின்ன ஸ்டாண்டில் ஒரு ரெக்கார்டர் வைக்க அனுமதி வாங்கினோம். அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார், பந்தயத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும், பந்தயம் முடியும்வரை யாரும் அதைத் தொட வரக் கூடாது. நியாயமான நிபந்தனை. அதனால் லெவல், அதாவது பதியும் ஒலியளவு, வைப்பதெல்லாம் முன்பே முடித்தாக வேண்டும். 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் ரெக்கார்டர் இருந்ததால் இங்கே தப்பித்தோம், சத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடினாலும் குறைந்தாலும் எடிட்டில் சரிசெய்துகொள்ளலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ஒரே மைக்கை இரண்டு டிராக்கில் பதிந்து, ஒன்றை 12 டெசிபல் குறைத்து வையுங்கள். தொடக்கத் துப்பாக்கி வெடிக்கும்போது முதல் டிராக் கிழிந்தாலும் இரண்டாவது பிழைக்கும். மைக்குக்கு ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் ஆன் செய்தோம். அதன்மேல் தண்ணீர் தெறிக்குமே என்று ஒரு மாணவி மழைக் கோட்டின் கையை வெட்டி அடியிலும் பக்கத்திலும் சுற்றிவிட்டார், நல்ல யோசனை.

பயிற்சியாளருக்கு அவர் சம்மதத்தோடு ஒரு காலர் மைக் மாட்டினோம், சுற்று நேரத்தைக் கத்திச் சொல்வதைப் பிடிக்க. வயர்லெஸ் காலர் மைக்குகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, பார்வையாளர்களின் போனில் இருக்கும் புளூடூத்தும் பல வைஃபை இணைப்புகளும் அதே அலைவரிசையில்தான் இருக்கும், கூட்டம் சேரச் சேரச் சத்தம் அறுபடும். எங்களுக்கும் அறுபட்டது. டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதியும் வசதியை முன்பே ஆன் செய்திருந்ததால் அந்த ஃபைலை எடுத்துப் போட்டுக்கொண்டோம். வாங்கப் போகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மற்ற அம்சம் எல்லாம் அப்புறம்.

போட்டியன்று அட்டவணை தள்ளிக்கொண்டே போனது. வெளிச்சம் இருக்கும்போது தொடங்க வேண்டிய ஓட்டம் சூரியன் இறங்கியபின் தொடங்கியது, பூட்டி வைத்த எக்ஸ்போஷரை எல்லாம் ஓட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி வைத்தோம். மூன்று கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் கேட்கிற மாதிரி ஒருவர் கை தட்ட வேண்டும் என்பது திட்டம், இடையில் அறிவிப்பு ஓடியதால் அது கேட்கவில்லை. துப்பாக்கிச் சத்தத்தை வைத்தே பின்னால் ஒத்திசைத்தோம். தூரத்தில் இருக்கும் கேமராவுக்குச் சத்தம் தாமதமாக வரும், 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி, அதாவது 30 ஃப்ரேம் கணக்கில் ஒன்பது ஃப்ரேம். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கால் கட்டையில் படுவதும் டக் சத்தமும் சேராது.

முதல் இரண்டு சுற்றும் கூட்டம் கூட்டமாகத்தான் ஓடினார்கள், தண்ணீர்த் தடையில் எங்கள் மாணவியைத் தேடிக் கண்டுபிடிக்கவே கஷ்டம். மூன்றாவதிலிருந்து வரிசை நீண்டது. நான்காவது சுற்றுவரை முன்வரிசையோடு ஒட்டியே இருந்தார். ஐந்தாவது தண்ணீர்த் தடைக்கு இரண்டு பேருக்குப் பின்னால் மிக நெருங்கி வந்தார், தடைக்கு முன் காலடி குறுகியது, கட்டையில் கால் வைத்தார், ஆனால் உந்தல் இல்லை, ஆழத்தில் இறங்கினார். ஆறாவதிலும் அதே. ஏழாவது இடத்தில் முடித்தார், சொந்தச் சிறந்த நேரத்தைவிடச் சில விநாடி கூடுதல்.

ஃபினிஷில் நிற்கும் கேமராவுக்கு எங்கள் விதி, ஓட்டம் முடிந்த பின் அரை நிமிடமாவது தொடர்ந்து எடுக்க வேண்டும், ஆனால் யாராவது வாந்தி எடுத்தாலோ மருத்துவ உதவி வந்தாலோ உடனே கேமராவைத் திருப்பிவிட வேண்டும். இன்னொன்றும் எழுதி ஒட்டியிருக்கிறோம்: குனிந்து நிற்கும் பெண்களைப் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது, உடம்பின் ஒரு பகுதியை மட்டும் க்ளோசப்பில் வைக்கக் கூடாது, அப்படி ஸ்லோமோஷன் கூடவே கூடாது. தடகள உடை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்த விஷுவலை யார் எங்கே வெட்டி எடுத்துப் போடுவார்கள் என்பதும் தெரியும். ஓடுகிற பிள்ளை நம்மை நம்பி ஓடுகிறாள்.

பைட், அதாவது ஓட்டக்காரர் கேமரா முன் பேசும் சிறு பேட்டி, உடனே எடுக்கவில்லை. துறையின் ஊடகத் தொடர்பாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும், அவரும் கூல்டவுன் (ஓட்டத்துக்குப் பின் உடம்பைத் தணிக்கும் மெல்லோட்டம்) முடிந்த பிறகு என்றார், எங்களுக்கும் அதுதான் வேண்டும். மூச்சு வாங்க வாங்கப் பேசுகிற பைட்டில் உணர்ச்சி இருக்கும், விவரம் இருக்காது. மாணவர்கள் எழுதி வைத்திருந்த முதல் கேள்வி வழக்கமானது, எப்படி இருந்தது என்று. அதற்கு வருவதும் வழக்கமான பதில்தான். அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைத்தோம்: ஐந்தாவது தண்ணீர்த் தடைக்கு வரும்போது என்ன பார்த்தீர்கள்? அவர் யோசித்து, "கட்டையே தெரியலை, முன்னாடி ரெண்டு முதுகுதான் தெரிஞ்சது, அதனால எந்தக் கால்னு கணக்கு வரலை, பயந்து அடியைச் சின்னதாக்கிட்டேன்" என்கிற பொருளில் சொன்னார். ஆறாவதில் யாரும் முன்னால் இல்லையே என்று கேட்டதற்கு, ஐந்தாவதில் விழுந்தது நினைவிலேயே இருந்தது என்றார். மூன்று நிமிட வீடியோவுக்கு இதைவிட நல்ல முதுகெலும்பு கிடைக்காது.

எடிட் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில், இந்த மாதிரி வேலைக்கு அது போதும். முதல் வெட்டு நடந்த வரிசைப்படியே போனது, துப்பாக்கி, சுற்று ஒன்று, சுற்று இரண்டு என்று. ஒழுங்காகத்தான் இருந்தது, பார்க்க அலுத்தது. ஏழு தாண்டலும் பழக்கமில்லாத கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவது வெட்டில் வரிசையை உடைத்தோம். முதலில் கறுப்புத் திரை, டக், தண்ணீர், சதக் சதக், அப்புறம் படம். முதல் தாண்டல் முழு வேகத்தில். உடனே ஆறாவது தாண்டலும் முழு வேகத்தில். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கிறவர் தேடத் தொடங்கும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலிருப்பதை 50 சதவீத ஒளிபுகு அளவில் வைத்தோம். அசையாத கேமராவின் பலன் அங்கேதான். தடையும் குழியும் துளி பிசகாமல் பொருந்தின, ஓடுகிறவர் மட்டும் இரண்டு பேராகத் தெரிந்தார், ஒருவர் குழியின் மேட்டுப் பக்கத்தில் இறங்குகிறார், இன்னொருவர் ஆழத்தில்.

இறங்கிய இடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று திரையில் போடலாமா என்று விவாதம் வந்தது. குழி 3.66 மீட்டர் என்று தெரியும், அதை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடலாம் என்றார் எடிட் செய்த மாணவர். ஆனால் கேமரா குழிக்குத் துல்லியமான செங்குத்தில் இல்லை, கொஞ்சம் சாய்வாக இருந்தது, பக்கத்திலிருக்கும் ஓரமும் தூரத்து ஓரமும் படத்தில் ஒரே நீளம் காட்டாது. தசமத்தில் எண் போட்டால் அது பொய்த் துல்லியம். அதனால் எண் போடாமல் இரண்டு இடத்திலும் கோடு மட்டும் வரைந்தோம், வித்தியாசம் கோட்டிலேயே தெரிந்துவிட்டது. வாய்ஸ் ஓவரின் முதல் வடிவில், களைப்பால் உந்தல் குறைந்தது என்று எழுதியிருந்தார்கள். பைட் அதைச் சொல்லவில்லையே, கட்டை தெரியாததைத்தானே சொல்கிறார். அந்த வாக்கியத்தை எடுத்தோம். ஓட்டக்காரரே காரணம் சொல்லியிருக்கும்போது நாம் ஊகிக்க வேண்டியதில்லை, அவர் பைட்டையே அந்த இடத்தில் வைத்தோம்.

வெளியீட்டுக்கு அனுப்பியதும் எதிர்பார்த்த பேச்சு வந்தது. ஊடகத் தொடர்பாளர் இரண்டு விஷயம் கேட்டார். ஏழாவது இடம் என்ற எழுத்து வேண்டுமா, சீசன் நடுவே தடுமாற்றத்தைக் கோடு போட்டுக் காட்ட வேண்டுமா, எதிரணிக்கு உதவியாகிவிடாதா? அவர் கேட்டதில் தவறில்லை, அணியைப் பாதுகாப்பது அவர் வேலை. முதலாவதுக்கு ஒப்பந்தத்தைக் காட்டினோம், அதோடு முடிந்தது. இரண்டாவதற்குப் பயிற்சியாளரையும் சேர்த்து உட்கார்ந்து பேசினோம். அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, இதை எதிரணிப் பயிற்சியாளர்கள் ஸ்டாண்டிலிருந்தே பார்த்துவிட்டார்கள், ரசிகர்களுக்குத்தான் தெரியாது, அவர்களுக்கும் தெரியட்டும் என்றார். வெளியிடுவதற்கு முன் ஓட்டக்காரரிடமும் காட்டினோம். சம்மதம் வாங்குவதற்காக என்று இல்லை, தன் தடுமாற்றத்தை அவர் முதலில் ஊரோடு சேர்ந்து பார்க்கக் கூடாது. அவர் தன் சொந்த ஊர்ப் பெயரின் எழுத்தை மட்டும் திருத்தினார்.

பின்னணி இசை போடவில்லை. ஒலி நன்றாக இருந்தது ஒரு காரணம், சட்டம் இன்னொரு காரணம். 2025 மார்ச்சில் சோனி மியூசிக் நிறுவனம், தன் பாடல்களை விளையாட்டு வீடியோக்களில் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாகச் சொல்லி சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குப் போட்டது. போனில் இருக்கும் செயலி ஒரு பாட்டைக் காட்டுகிறது என்பதால் ஒரு நிறுவனத்தின் கணக்கில் அதைப் போட்டுவிட முடியாது என்று மாணவர்களுக்குப் புரியவைக்க அந்தச் செய்தி உதவியது.

சப்டைட்டிலுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அமெரிக்க நீதித் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதிப்படி அரசுப் பல்கலைக்கழகங்களின் இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும், பதிவு செய்த வீடியோவுக்குச் சப்டைட்டில் அதில் அடிப்படை. தானாக வரும் சப்டைட்டில் பெயர்களைக் கொலை செய்யும், அதனால் அணிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் கையால் சரிபார்த்தோம். ஒலியையும் எழுத வேண்டும். இந்த வீடியோவே ஒலியில் நிற்கிறது, காது கேளாதவருக்குக் கறுப்புத் திரை வெறும் கறுப்பாக இருந்துவிடக் கூடாது. கட்டையில் ஸ்பைக்ஸ் படுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, ஈர ஷூ என்று தனித்தனி வரியாக, சத்தம் வரும் அதே கணத்தில் போட்டோம்.

போனுக்கான செங்குத்து வடிவம் எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அகலமான பக்கவாட்டு ஃப்ரேமை 9:16-க்குள் அடைத்தால் குழியில் பாதி போய்விடும். மேலே முதல் தாண்டல், கீழே ஆறாவது தாண்டல் என்று இரண்டு பட்டையாக அடுக்கியபோது சரியாக வந்தது, எனக்கு இது அகல வடிவத்தைவிடவே பிடித்திருக்கிறது. அடுத்த முறை எடுக்கும்போதே இந்த அடுக்கை மனதில் வைத்து ஃப்ரேம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெளியான பிறகு பயிற்சியாளர் பக்கவாட்டுக் கேமராவின் முழு ஃபுட்டேஜையும் கேட்டார், பயிற்சியில் காட்ட. வகுப்பில் இது பெரிய விவாதமானது. அணிக்காக உளவு பார்த்தது மாதிரி ஆகிவிடும், கொடுக்கக் கூடாது என்றார் ஒருவர், அதில் மற்ற கல்லூரிப் பெண்களும் ஓடுகிறார்களே என்றார் இன்னொருவர். கடைசியில், வெளியான வீடியோவுக்காக எடுத்த அசையாத கேமரா ஃபுட்டேஜை மட்டும், வெளியீட்டுக்குப் பிறகு, அன்றைக்கு ஓடிய எந்த அணி கேட்டாலும் தருவது, பைட்டின் வெட்டாத பதிவை யாருக்கும் தருவதில்லை என்று எழுதி ஒப்பந்தத்தில் சேர்த்தோம். இதுவரை இரண்டு அணிகள் கேட்டு வாங்கியிருக்கின்றன.